புயலில் காடு ஏன் சாய்கிறது, சாய்ந்த பின் என்ன செய்வது: ஸ்வீடனின் குட்ருன் புயலை வைத்து ஓர் எளிய விளக்கம்

2005 ஜனவரி 8 அன்று தொடங்கி மறுநாள் வரை தெற்கு ஸ்வீடனில் வீசிய குட்ருன் புயல், ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்த நாடு முழுவதும் ஓர் ஆண்டில் வெட்டும் மரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஹானோ தீவில் காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். காடுகள் நிறைந்த ஸ்மோலாந்து பகுதியில் உள்ள வெக்ஷோ நகரில் நொடிக்கு 33 மீட்டர். விழுந்தவற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஸ்புரூஸ். ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் மரமாக வீட்டுக்குள் வைக்கிறார்களே, அந்த ஊசியிலை மரம்தான்.

ஒரே காற்றில் ஒரு தோப்பு முழுக்கப் படுத்துவிட, பக்கத்துத் தோப்பு நின்றுகொண்டிருப்பதைப் புயலுக்குப் பிறகு எங்கும் பார்க்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரவில் இல்லை. அதற்கு முந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தத் தோப்பை எப்படி வளர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. சேதம் எவ்வளவு பெருகும் என்பதோ, புயல் போன பிறகு வரும் இரண்டு கோடைகளில் என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

சாய்வதும் முறிவதும்

காற்றில் ஒரு மரம் இரண்டு விதமாக விழும். வேரோடு பெயர்ந்து சாயலாம். வேர் பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தண்டு முறியலாம். மண்ணின் பிடியும் தண்டின் வலுவும் போட்டியிடுகின்றன. எது பலவீனமோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். மண் ஈரமாகவும் ஆழமில்லாமலும் இருந்தால் மரம் வேரோடு பெயரும். மண் கெட்டியாக இருந்தாலோ உறைந்திருந்தாலோ தண்டு முறியும். தண்டுக்குள் அழுகல் இருந்தாலும் முறியும்.

ஸ்புரூஸின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன. மரம் சாயும்போது அந்த வேர்ப்பின்னலும் அது பிடித்திருக்கும் மண்ணும் ஒரே தட்டாகப் பெயர்ந்து செங்குத்தாக எழும். இதை வேர்த்தட்டு என்போம். நீர் தேங்கும் களிமண்ணிலும் பாறைமேல் கிடக்கும் மெல்லிய மண்ணிலும் இந்தத் தட்டு இன்னும் மெலிதாகிறது. குட்ருன் வந்தது நடுக்குளிர்காலம். ஆனால் தெற்கு ஸ்வீடனில் மண் உறையாமல் நனைந்து கிடந்தது. உறைந்த மண் வேரைக் கவ்விப் பிடிக்கும். நனைந்த மண் விட்டுவிடும். குளிர்காலம் மிதமாகிக்கொண்டே போனால், காற்றின் வேகம் சற்றும் கூடாமலேயே சேதம் கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

அகன்ற இலை மரங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. பீச், ஓக், பிர்ச் எல்லாம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்கும். காற்றுக்குப் பிடிமானம் குறைவு. ஸ்புரூஸ் ஆண்டு முழுக்கப் பச்சை. வட ஐரோப்பாவின் பெரும்புயல்கள் அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் வருவதால், வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

உயரம், தடிமன், ஓர் எளிய கணக்கு

காற்றின் வேகம் இரட்டித்தால் மரத்தின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 20 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போனாலே இரண்டேகால் மடங்கு. அந்த விசை விழுவது உச்சியில் உள்ள இலைத்தொகுதியில். அடியைத் திருப்ப முயல்வது விசையும் உயரமும் சேர்ந்த பெருக்கல். அதனால்தான் சுமார் 20 மீட்டரைத் தாண்டிய ஸ்புரூஸ் தோப்பில் ஆபத்து வேகமாக ஏறுகிறது.

தோப்பின் உறுதியை அறிய ஐரோப்பிய வனத்துறையினர் பயன்படுத்தும் எளிய அளவு, உயரத்தை விட்டத்தால் வகுப்பது. விட்டத்தை நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுக்க வேண்டும். இரண்டு அளவும் மீட்டரில் இருக்க வேண்டும். 24 மீட்டர் உயர மரத்தின் விட்டம் 24 சென்டிமீட்டர் என்றால் விடை 100. அதே உயரத்தில் 32 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 75. 80க்குக் கீழே இருந்தால் ஓரளவு நம்பலாம். 100ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, காற்றுக்கும் கனத்த பனிக்கும் அந்தத் தோப்பு தாங்காது. ஒரே மரத்தை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். தோப்பின் வெவ்வேறு இடங்களில், உயர்ந்து நிற்கும் மரங்களாகக் குறைந்தது பத்தை அளந்து சராசரி பாருங்கள். ஓர மரங்களை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்; அவை எப்போதும் தடித்தே இருக்கும்.

ஓர மரம் தடிப்பதற்குக் காரணம் ஆட்டம். காற்றில் தினமும் ஆடும் மரம், எந்தப் பக்கம் விசை விழுகிறதோ அந்தப் பக்கத்தில் வேரையும் தண்டையும் பெருக்கிக்கொள்கிறது. நெருக்கமான தோப்பின் நடுவில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பயிற்சியே கிடையாது. அது ஒளிக்காக மேலே மேலே ஓடும், மெலிந்து உயரும், பக்கத்து மரங்களின் மறைவிலும் உரசலிலும் நிற்கும். அந்த மறைவை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அது தானாக நிற்கப் பழகும் முன்பே அடுத்த புயல் வந்துவிடும்.

மறைவைக் கலைக்கும் வேலைகள் இரண்டு. ஒன்று, நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே மரம் வெட்டி எடுப்பது. வனத்துறையில் தின்னிங் என்பார்கள். இங்கே இடைவெட்டு என்று சொல்வோம். இது தேவையான வேலைதான், எஞ்சும் மரங்கள் தடிப்பது இதனால்தான். ஆனால் வெட்டிய பிறகு முதல் சில ஆண்டுகள் தோப்பு முன்னைவிடப் பலவீனம்: காற்று உள்ளே நுழையும், ஆட்டத்தைத் தணிக்கும் உரசலும் போய்விடும். எனவே இடைவெட்டைச் சீக்கிரம் செய்ய வேண்டும். கன்றுகள் 2 முதல் 3 மீட்டர் இருக்கும்போதே களைந்து ஹெக்டேருக்கு 2,000 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, 12 முதல் 14 மீட்டரில் முதல் இடைவெட்டு செய்வது ஸ்புரூஸுக்குப் பொருந்தும். 20 மீட்டரைத் தாண்டிய, இதுவரை கைவைக்காத நெருக்கமான தோப்பில் பலமான இடைவெட்டு செய்வது புயலை அழைப்பதற்குச் சமம். அப்படிப்பட்ட தோப்பைத் தொடாமல் வைத்திருந்து, சற்று முன்னதாகவே முழுமையாக அறுவடை செய்துவிடுவது மேல்.

மற்றொன்று, பக்கத்தில் முழுவதும் வெட்டி மொட்டையாக்குவது. நேற்றுவரை நடுத்தோப்பாக இருந்தது இன்று ஓரமாகிறது. புயல் முதலில் கைவைப்பது இந்தப் புதிய ஓரங்களில்தான். மேற்கு, தென்மேற்குக் காற்று அதிகமுள்ள மத்திய ஐரோப்பாவில் பழைய வனக்காரர்கள் கிழக்கு முனையில் வெட்டத் தொடங்கி, காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி நகர்வார்கள். மேற்கு ஓரத்தின் தடித்த மரங்கள் கடைசிவரை கவசமாக நிற்கும். நிலம் துண்டு துண்டாகப் பலர் கையில் இருக்கும் இடத்தில் இந்த ஒழுங்கு கலைகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எப்போது வெட்டப் போகிறார் என்று கேட்டுவைப்பது அங்கே காட்டு நிர்வாகத்தின் ஒரு பகுதி.

நொடிக்கு 45 மீட்டர் வீசும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் அதிகம் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999 டிசம்பர் 26 அன்று வந்த லோதார் புயலில் பிரான்ஸ், தெற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எங்கும் நன்றாகப் பராமரித்த காடுகளும் விழுந்தன. மறுநாளே வந்த மார்ட்டினையும் சேர்த்து பிரான்ஸில் மட்டும் சுமார் 14 கோடி கன மீட்டர். நல்ல பராமரிப்பு பலன் தருவது நடுத்தரப் புயல்களிலும், பெரும்புயலின் ஓரப்பகுதிகளிலும்.

முதல் வாரம்: யாரும் உள்ளே போகாதீர்கள்

குட்ருன் வீசியபோது ஸ்வீடனில் 7 பேர் இறந்தார்கள். அதன்பின் விழுந்த மரத்தை அகற்றும் வேலையில் இறந்தவர்கள் அதைவிட அதிகம். விழுந்த காடு, நிற்கும் காட்டைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஒவ்வொரு தண்டும் வளைந்து, விசை ஏறி நிற்கும்.

வளைந்த தண்டின் வெளிவளைவில் நார்கள் இழுபட்டிருக்கும், உள்வளைவில் நெருக்கப்பட்டிருக்கும். இழுபட்ட பக்கத்தில் ரம்பத்தை ஆழமாக இறக்கினால் தண்டு பிளந்து பாயும். நெருங்கிய பக்கத்தில் முதலில் ஆழமில்லாமல் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்தில் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். பக்கவாட்டில் வளைந்த தண்டு என்றால் ஆள் நிற்பது உள்வளைவுப் பக்கம்தான். வேர்த்தட்டு வேறொரு கண்ணி. தண்டை வெட்டிய அந்த நொடியில் டன் கணக்கான மண்ணோடு தட்டு மீண்டும் குழிக்குள் விழும், அல்லது முன்னோக்கிக் கவிழும். தட்டுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது; வெட்டும் முன் வின்ச் எனும் இழுவைக் கருவியின் கம்பியால் அதைப் பிடித்துவைக்க வேண்டும்; முன்னோக்கிச் சாய்ந்த தட்டு என்றால் முட்டுக்கொடுக்க நீண்ட தண்டுப்பகுதியை அதிலேயே விட்டுவிட வேண்டும். இயன்றவரை இந்த வேலையை மரம் வெட்டும் ஹார்வெஸ்டர் இயந்திரத்துக்கே விடுங்கள். அதில் ஓட்டுநர் கூண்டுக்குள் இருப்பார். கை ரம்பம் இயந்திரம் எட்டாத இடத்துக்கு மட்டும், அதுவும் தனி ஆளாக ஒருபோதும் வேண்டாம்.

சாலையும் மின்கம்பியும் சீரானதும் செய்ய வேண்டியது வரைபடம். முழுதாகப் படுத்த இடம், அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்த இடம், சாய்ந்து நிற்கும் மரங்கள் உள்ள இடம் என்று மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். சாய்ந்து நிற்பவை பச்சையாகத் தெரிந்தாலும் அவற்றின் மெல்லிய வேர்கள் அறுந்திருக்கும். அவற்றையும் சேதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வண்டோடு ஓட்டப்பந்தயம்

ஸ்புரூஸ் காட்டில் எல்லாத் திட்டத்தையும் ஆட்டிவைப்பது 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைவண்டு. எட்டுப்பல் வண்டு என்பார்கள். இறக்கையின் பின்நுனியில் பக்கத்துக்கு நான்கு பற்கள் இருக்கும். நலமாக நிற்கும் ஸ்புரூஸைச் சில வண்டுகள் துளைத்தால் மரம் பிசினைச் சுரந்து அவற்றை மூழ்கடித்துவிடும். விழுந்த மரத்தில் அந்தப் பிசின் அழுத்தம் இல்லை. தடையே இல்லாமல் இனம்பெருக்க ஓரிரவில் லட்சக்கணக்கான மரங்கள் கிடைத்தால், வண்டின் எண்ணிக்கை வெடிக்கிறது. பெருகிய பிறகு அவை வாசனைச் சமிக்ஞையால் ஒன்றையொன்று அழைத்து நிற்கும் மரத்தையே கூட்டமாகத் தாக்கும். அப்போது எந்தப் பிசினும் போதாது.

கால அட்டவணை இப்படிப் போகும். வசந்தத்தில் வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸை எட்டும்போது, தெற்கு ஸ்வீடனில் ஏறத்தாழ ஏப்ரல் பிற்பகுதி அல்லது மே மாதம், வண்டுகள் பறக்கத் தொடங்கும். பட்டைக்கு அடியில் முட்டையிட்டு, புழு வளர்ந்து, புதிய வண்டு வெளிவர வெப்பத்தைப் பொறுத்து ஆறு முதல் பத்து வாரம். வெப்பமான ஆண்டில் இரண்டாம் தலைமுறையும் வரும். முதல் கோடையில் பெரும்பாலும் விழுந்த மரத்திலேயே பெருகுவதால் காடு அமைதியாகத் தெரியும். இரண்டாம், மூன்றாம் கோடையில் நிற்கும் மரங்கள் சாகத் தொடங்கும்போதுதான் பலர் விழிக்கிறார்கள். ஜனவரியில் விழுந்த மரத்துக்கு உண்மையான கெடு, வரும் ஜூன் அல்லது ஜூலை தொடக்கம்: புதிய வண்டு பட்டையை விட்டு வெளியேறும் முன் மரம் காட்டை விட்டு வெளியேற வேண்டும்.

எல்லாவற்றையும் அதற்குள் எடுக்க முடியாது என்பதால் வரிசை முக்கியம். முறிந்த மரம் முதலில். வேரோடு சாய்ந்தது பிறகு. வேரின் ஒரு பகுதி மண்ணில் இருந்தால் அது இன்னும் நீர் குடித்துக்கொண்டிருக்கும், மரத்தின் தரமும் சில மாதம் கெடாது. அடுத்தது பலருக்கு ஏற்றுக்கொள்ளச் சிரமமான விதி: சிதறி விழுந்த ஒற்றை மரங்களை, முழுதாகப் படுத்த பரப்புக்கு முன் எடுக்க வேண்டும். பெரிய பரப்பில் எடுத்தால் ஒரு நாளில் நூறு கன மீட்டர் சேரும், கண்ணுக்கும் தெரியும்; அதனால் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். ஆனால் நிழலில், உயிருள்ள ஸ்புரூஸ்களுக்கு நடுவே ஈரமாகக் கிடக்கும் ஒற்றை மரத்தில் பிறக்கும் வண்டுக்கு அடுத்த உணவு பத்தடி தூரத்தில் நிற்கிறது. ஸ்வீடன் சட்டத்திலும் இதற்கு ஒரு வரம்பு உண்டு: புதிதாகச் சேதமான ஊசியிலை மரம் ஹெக்டேருக்கு 5 கன மீட்டருக்கு மேல் இருந்தால், மீதியை உரிமையாளர் வெளியேற்ற வேண்டும்.

நிற்கும் மரத்தில் தாக்குதலைக் கண்டுபிடிக்க உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். ஊசிகள் சிவக்கும்போது வண்டு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அடியைப் பாருங்கள்: பட்டைச் செதில்களிலும் தூரைச் சுற்றியும் காப்பித் தூள் போன்ற பழுப்புத் தூள் விழுந்திருக்கும். மழை பெய்தால் அது கரைந்துபோகும். எனவே இரண்டு மூன்று வறண்ட நாளுக்குப் பிறகு நடக்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை, புயலால் உண்டான புதிய ஓரங்களில், குறிப்பாக வெயில் படும் ஓரங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தூள் தெரிந்தால் அந்த மரத்தை வெட்டி, பட்டையை உரிக்க வேண்டும் அல்லது ஸ்புரூஸ் காட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். சாலையோரத்தில் அடுக்கிவிட்டு லாரிக்குக் காத்திருந்தால், வண்டை நாமே சுமந்துவந்து பரப்பியதாகும்.

மரத்தை நனைத்துவைப்பது

ஓராண்டு வெட்டு ஒரே நாளில் விழுந்தால் ஆலைகளால் அறுக்க முடியாது, விலையும் சரியும். இதற்கு ஸ்வீடன் செய்தது நீர்க்கிடங்கு. தடிகளை உயரமாக அடுக்கி, பனியில்லாத மாதங்களில் தெளிப்பான்களால் தொடர்ந்து நனைப்பார்கள். மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு நீரால் நிறைந்திருந்தால் உள்ளே காற்று இராது. காற்றில்லாமல் நீலக்கறைப் பூஞ்சையும் வளராது, வண்டும் வாழாது. இப்படி மூன்று நான்கு ஆண்டுகள் அறுப்புத் தரத்தோடு வைக்கலாம். ஸ்மோலாந்தில் பியூஹோல்மா என்ற இடத்தில் பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் சுமார் 10 லட்சம் கன மீட்டர் தடி, 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக அடுக்கப்பட்டது. நனைப்பு இடையில் நின்றால் போச்சு. பாதி உலர்ந்த மரம் சீக்கிரம் கறைபடும். வழிந்தோடும் நீரில் பட்டைச் சாறு கலந்திருப்பதால் அதை நேராக ஓடையில் விடக் கூடாது.

எதை விட்டுவைப்பது

எல்லாவற்றையும் சுத்தமாக அள்ள வேண்டும் என்ற எண்ணம் தவறு, செலவும் வீண். விழுந்த ஓக், பீச், பிர்ச் மரங்களில் ஸ்புரூஸ் வண்டு பெருகாது. அவற்றை விட்டால் காட்டுக்கு உரமும் பூச்சி, பறவைகளுக்கு வீடும் ஆகும். ஒரு கோடை கடந்து பட்டை கழன்ற செத்த ஸ்புரூஸிலும் வண்டு இல்லை. அதற்குள் இருப்பது வண்டைத் தின்னும் எறும்பு வண்டும் ஒட்டுண்ணிக் குளவிகளும். அதை வெட்டி எடுப்பவர் தன் கூட்டாளிகளைத்தான் வெளியே அனுப்புகிறார்.

ஜெர்மனியின் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் 1983 ஆகஸ்ட் 1 புயலுக்குப் பிறகு, விழுந்த மரங்களை எடுக்காமல் விடுவதென்று முடிவெடுத்தார்கள். பின்னாளில் வண்டு ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் முதிய ஸ்புரூஸைக் கொன்றது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தார்கள். ஆனால் செத்த காட்டுக்கு அடியிலிருந்து இளம் ஸ்புரூஸும் ரோவன் மரமும் தாமாகவே முளைத்தன; யாரும் நடவில்லை. மர வருமானத்தை நம்பும் குடும்பம் இதைப் பின்பற்ற முடியாது, பூங்காவும் பக்கத்துக் காடுகளைக் காக்க எல்லையோர நிலப்பகுதியில் வண்டை ஒழித்தே வந்தது. இருந்தாலும், காடு திரும்பிவர நம் கை கட்டாயம் வேண்டும் என்பதில்லை என்று அது காட்டியது. சுவிட்சர்லாந்தில் 1990 விவியன் புயலுக்குப் பின் எடுக்காமல் விட்ட மலைச்சரிவுகளில், குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த தண்டுகள் பல ஆண்டுகள் பனிச்சரிவையும் கல் உருளுவதையும் தடுத்தன. வீடுகளுக்கு மேலே உள்ள சரிவைத் துடைத்துவிட்டால் தடுப்பு வேலிக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

மீண்டும் நடும்போது

குட்ருனுக்குப் பிறகு அகன்ற இலை மரம் நடுவதற்கு அரசு உதவி கிடைத்தும், பெரும்பகுதி நிலத்தில் மறுபடி ஸ்புரூஸையே நட்டார்கள். வருந்தத்தக்க முடிவுதான். ஆனால் நிலத்துக்காரரின் காரணம் வெற்றானதல்ல: பைன், ஓக், பிர்ச் கன்றுகளை மூஸ் என்ற பெரிய மானும் ரோ மானும் தின்றுவிடும், ஸ்புரூஸைப் பெரும்பாலும் தொடாது.

நடும் காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மரம் வெட்டிய பின் எஞ்சும் புதிய தூர்களின் வேரில் பைன் கூன்வண்டு பெருகி, நட்ட கன்றின் தண்டுப்பட்டையைச் சுற்றிக் கடித்துக் கொல்லும். இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால் வண்டு குறையும்; அதற்குள் புல்லும் ராஸ்பெரிப் புதரும் மண்டிவிடும். மண்ணைக் கிளறித் திட்டாக்கி, தண்டில் பாதுகாப்புப் பூச்சு பூசிய கன்றை உடனே நடுவது இதற்கு நடைமுறை வழி. கூடவே, கோடையில் ஸ்புரூஸ் வெட்டினால் புதிய தூரின்மேல் யூரியா கரைசலோ அழுகலை எதிர்க்கும் பூஞ்சை கலந்த கரைசலோ தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேரழுகல் பூஞ்சை தூர் வழியாக இறங்கி, வேரோடு வேர் தொட்டு அடுத்த தலைமுறைக்கும் போகும். அழுகிய அடியுள்ள மரம் அடுத்த புயலில் முதலில் முறியும்.

நிலத்தைப் பிரித்துப் பாருங்கள். நீர் தேங்கும் தாழ்விடத்தில் ஆல்டரும் பிர்ச்சும். வறண்ட மணல் மேட்டில் பைன். ஸ்புரூஸ், நீர் வடியும் ஆழமான மண்ணில் மட்டும். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் 20 முதல் 30 மீட்டர் அகலத்துக்கு ஓக் அல்லது பிர்ச்சை விலகலாக நட்டு, முதலிலிருந்தே காற்றில் ஆட விடுங்கள். தானாக முளைத்த பிர்ச்சைக் களையாக எண்ணி முழுவதும் வெட்டிவிடாதீர்கள். கலப்புக் காடு கிடைக்க அதுவே மலிவான வழி. இவை அனைத்தும் மான் எவ்வளவு மேய்கிறது என்பதைப் பொறுத்தே நிற்கும். ஓக் நட்டால் 2 மீட்டர் உயர வலைவேலி போட்டு, மேல்நுனி மானின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போகும்வரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதைச் சுற்றி நடந்து, மரம் விழுந்து வேலி அழுந்திய இடத்தைச் சரிசெய்ய வேண்டும். வேலி போட முடியாத பரப்பில், நடுவதற்கு முந்தைய பருவத்திலேயே வேட்டைக் குழுவோடு பேசி மூஸ் எண்ணிக்கையைக் குறைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.